ரீவைண்ட்: தன் பாட்டைத் தீம் பார்க்கில் கேட்டுத் திகைத்த மனிதர்!

யூடியூபில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ இருக்கிறது. 1960-ல் ஒளிபரப்பான ‘ஐ ஹாவ் காட் எ சீக்ரெட்’ என்ற அமெரிக்க டிவி ஷோ. விருந்தினரின் ரகசியத்தை அங்கிருக்கும் பிரபலங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அன்று வந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ழான் ழாக் பெர்ரே. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு சின்ன கீபோர்டு. அதிலிருந்து விதவிதமான வாத்தியங்களின் சத்தம் வந்தது!

அதன் பெயர் ஓண்டியோலின். ழார்ஜ் ழெனி என்பவர் 1940-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கட்டையை அழுத்தியபடி பக்கவாட்டில் லேசாக ஆட்டினால், வயலின் போல ஸ்வரம் நடுங்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முழங்காலே போதும். சிந்தசைஸர் என்ற சொல் பரவலாவதற்கு முந்தைய காலம் அது.

பெர்ரே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். இந்தக் கருவிக்காகப் படிப்பையே விட்டார். பாடகி எடித் பியாஃபின் உதவியால் நியூயார்க் போனார். அங்கே கெர்ஷன் கிங்ஸ்லியுடன் சேர்ந்தார். டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சத்தங்களையே தாளமாக்கினார்கள். 1967-ல் மூக் சிந்தசைஸருடன் வந்த அவர்களின் ஆல்பத்தில் ஒரு துள்ளல் இசை இருந்தது. பெயர், ‘பரோக் ஹோடவுன்’.

இனிமேல்தான் ட்விஸ்ட்.

1972 ஜூன் 17. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ‘மெயின் ஸ்ட்ரீட் எலெக்ட்ரிக்கல் பரேட்’ தொடங்கியது. இருட்டில் மின்விளக்குகள் ஜொலிக்க, அலங்கார வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வரும். பின்னணியில் ஓடியது அதே ‘பரோக் ஹோடவுன்’, புதிதாக சிந்தசைஸரில் வாசிக்கப்பட்ட வடிவில். ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பாட்டு உண்டு. ஆனால் எல்லாமே அந்த ஒரே மெட்டின் மேல் கச்சிதமாகப் பொருந்தும்.

இரவு தோறும் குழந்தைகள் அந்த மெட்டுக்குக் கைதட்டினார்கள். இசையமைத்த பெர்ரேவுக்கு மட்டும் விஷயமே தெரியாது! 1980-ல் டிஸ்னிலேண்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போனபோதுதான் தெரியவந்தது. கூட்டத்தில் ஒருவராக நின்று, தன் பாட்டைத் தானே கேட்டார்.

அதெப்படி என்கிறீர்களா? இசைத்துறையில் பாட்டை உருவாக்குபவர் ஒருவர், அதன் உரிமை இருப்பது இன்னொருவரிடம் என்பது சகஜம். அனுமதி தர வேண்டியவர் தந்துவிட்டால் போதும், இசையமைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரீல்ஸில் ஹிட்டாகும் எத்தனையோ பிஜிஎம்-களுக்கும் இதே கதைதானே? மெட்டு ஊரெல்லாம் தெரியும், போட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பெர்ரே 2016-ல் மறைந்தார். டோக்கியோ டிஸ்னிலேண்டின் இரவு ஊர்வலத்திலும் அந்த மெட்டு ஒலித்திருக்கிறது.

அடுத்த முறை ஒரு டியூன் உங்கள் காதிலேயே ஒட்டிக்கொண்டால், ஒரு நிமிடம் செலவழித்து யார் போட்டது என்று தேடிப் பாருங்கள் மக்களே. அந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் பெயரைச் சொல்லுங்கள்.