அடிக்கோடு எங்கே ஆரம்பிக்குது?

வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளில் நான் அழிக்காமல் வைத்திருப்பது ரெண்டே ரகம். ஒண்ணு, மழை வரப்போகுதுன்னு சொல்ற வானிலைப் படம். இன்னொண்ணு, சிரிப்பு கிராஃப். அதாங்க, பட்டை வரைபடம், வட்ட விளக்கப்படம், வென் படம்னு கணக்கு வாத்தியார் கரும்பலகையில போட்டதையெல்லாம் எடுத்து வச்சு, சினிமாவையும் குடும்பத்தையும் ஆபீஸையும் கேலி பண்றது. இது வெட்டி வேலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. கிராஃப் பார்க்கக் கத்துக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாதுங்கறது என் கட்சி.

இந்தப் படங்கள் பிறந்தது ராஜாங்க வேலைக்கு. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786ல் கோட்டு வரைபடமும் பட்டை வரைபடமும் போட்டு ஒரு புத்தகம் கொண்டு வந்தார். வட்டப் படம் 1801ல். நாட்டோட ஏற்றுமதி, இறக்குமதி, வரி, இப்படி கனமான சங்கதிகள். அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு, 2006ல், ஜெசிகா ஹேகின்னு ஒரு அமெரிக்க அம்மணி சின்ன அட்டையில பேனாவால ரெண்டு கோடு, ரெண்டு வட்டம்னு போட்டு அன்றாட வாழ்க்கையைக் கிண்டலடிக்க ஆரம்பிச்சாங்க. 2009ல் எக்ஸ்கேசிடி என்ற கேலிப்படத் தொடர் வரையும் ராண்டல் மன்றோ சினிமாக் கதையையே கோடாப் போட்டார். ஒரு ஆளுக்கு ஒரு கோடு. ரெண்டு பேர் சந்திச்சா கோடுகள் பக்கத்துல வரும், பிரிஞ்சா விலகும். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதை வாய்க்கால் பிரிஞ்ச மாதிரி பக்கம் பூரா ஓடுது. பன்னிரண்டு பேர் ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசற '12 ஆங்ரி மென்' படத்துக்கு? எல்லாக் கோடும் உழவு சால் மாதிரி ஒண்ணாவே நேரா போகுது. அவ்வளவுதான் படம். பார்த்தவனுக்குச் சிரிப்பு வரும், பார்க்காதவன் முழிப்பான்.

சூட்சுமமே அங்கதான். விஷயம் தெரிஞ்சவனுக்குத்தான் சிரிப்பு. எங்க ஊர்க்காரன் சிரிக்கிற மாதிரி நான் ஒண்ணு சொல்றேன். ஒரு வட்டப் படம், தலைப்பு 'த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வரும்'. நான் மோட்டார் பக்கத்துலயே காத்திருக்கும்போது வர்றது: நூல் அளவு. வீட்டுக்கு வந்து கை கழுவி சோத்துல கை வச்சதும் வர்றது: மீதி வட்டம் பூரா. இன்னொண்ணு வென் படம். ஒரு வட்டத்துல, சோளம் விதைச்சுட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிறவன். இன்னொரு வட்டத்துல, மல்லியைக் காயப் போட்டுட்டு மழை வேண்டாம்னு சாமி கும்பிடறவன். ரெண்டும் வெட்டிக்கிற நடுவுல நான். இதுல ஒரு நம்பரும் கிடையாது. நம்பர் இருக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நம்பரை வச்சே சிரிக்க வைக்கிற ரகமும் உண்டு. 2014ல் டைலர் விகன்னு ஒரு அமெரிக்கச் சட்ட மாணவர், சம்பந்தமே இல்லாத ரெண்டு கணக்கை ஒரே படத்துல போட்டுக் காட்டினார். நிக்கோலஸ் கேஜ் நடிச்ச படங்களோட எண்ணிக்கை ஒரு கோடு. நீச்சல் குளத்துல விழுந்து மூழ்கிச் செத்தவங்க இன்னொரு கோடு. 1999 முதல் 2009 வரை ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே ஏறி இறங்குது! கணக்கு ரெண்டும் உண்மை, உறவுதான் பொய். இதைப் பார்த்துச் சிரிச்ச பையன், 'எங்க மருந்தடிச்ச வருஷம் விளைச்சல் ஏறிச்சு பாருங்க'ன்னு எவனாவது கிராஃப் காட்டினா, அந்த வருஷம் மழை எப்படின்னு முதல்ல கேட்பான்.

கதை சொல்லலைங்க, நடந்திருக்கு. ஒரு வளர்ச்சி ஊக்கி கம்பெனிக்காரங்க கல்யாண மண்டபத்துல தக்காளிக்காரங்களைக் கூப்பிட்டு கூட்டம் போட்டாங்க. பிரியாணி உண்டு. திரையில ரெண்டு பட்டை: மருந்தடிக்காத வயல் ஒரு பங்கு, மருந்தடிச்ச வயல் மூணு பங்கு உயரம். மண்டபமே 'அடேங்கப்பா'ன்னுச்சு. என் தங்கச்சி மகன் காதைக் கடிச்சான், "மாமா, அடிக்கோட்டைப் பாருங்க." பட்டை பூஜ்யத்துல ஆரம்பிக்கல, 29 டன்ல ஆரம்பிக்குது. ஒரு பட்டை 30 டன், இன்னொண்ணு 32. ஏக்கருக்கு ரெண்டு டன் வித்தியாசம், அதை மூணு மடங்காக் காட்டியாச்சு. நான் எழுந்து கேட்டேன். "அதைத் தனியா பேசிக்கலாங்க சார்"னு அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க. முன்வரிசையில ஏழெட்டுப் பேர் அதுக்குள்ள பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க, அட்வான்ஸோட. சிரிப்பு கிராஃப் பார்த்துப் பழகின பையனுக்குக் கண்ணுல பட்டது, முப்பது வருஷம் வெள்ளாமை பண்ணினவங்களுக்குப் படல.

எங்க பொழப்பைச் சரியா வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு. பொருளாதாரப் புத்தகத்துல வர்ற படம், யாரும் கேலிக்குப் போட்டதில்லை. விலை ஏறினா எல்லாரும் நடுவான், சரக்கு குவிஞ்சு விலை விழும், அடுத்த தடவை எவனும் நடமாட்டான், மறுபடி ஏறும். அந்தப் போக்கைக் கோடாப் போட்டா சுத்திச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வருது. நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் 1934ல் அதுக்குச் சிலந்தி வலைன்னே பேர் வச்சுட்டார். ஈ யாருன்னு அவர் எழுதல.

2023 ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டிச்சு, நினைவிருக்கா? சென்னையில ரேஷன் கடையில 60 ரூபாய்க்குப் போட்டாங்க. டிவியைத் திறந்தா சிவப்புக் கோடு மேல ஏறுது. அதைப் பார்த்து எங்க பக்கம் எல்லாரும் நாத்து வாங்க ஓடினாங்க. நட்டு ரெண்டு மாசத்துல முதல் பறிப்பு. செப்டம்பர்ல 14 கிலோ பெட்டி பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டல. அந்த இறங்கின கோட்டை எந்த டிவியிலயும் நான் பார்க்கல. பாதியோட நிறுத்தின கிராஃப், அடிக்கோடு தூக்கின கிராஃபுக்குத் தம்பி.

அந்த மாசம் என் மாப்ள ஒரு தாள்ல படம் போட்டு குடும்ப குரூப்ல விட்டான். ஒரு கோடு தக்காளி விலை. இன்னொரு கோடு, 'எப்படி மாமா இருக்கீங்க, தோட்டத்துல காய் இருக்கா'ன்னு கோயமுத்தூர்லயும் சென்னையிலயும் இருந்து வர்ற போன். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு போகுது, செப்டம்பர்ல ரெண்டுமே தரையில. அளவு எதுவும் போடல. குரூப்ல ரெண்டு நாள் யாரும் பேசல. மூணாவது நாள் சென்னை மச்சினி மட்டும் போன் பண்ணி, தக்காளியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம அரை மணி நேரம் பேசினாங்க.