அட்டையைக் கேளுங்கள், வாக்காளரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

"உங்கள் ஓட்டைத்தான் போட்டாயிற்றே!" வரிசையில் நின்று வாக்குச்சாவடிக்குள் நுழையும் ஒருவர் இந்தப் பதிலைக் கேட்க நேர்ந்தால், இந்தக் குடியரசு அவர் கையில் தரும் மிகப் பெரிய அதிகாரம் அங்கே களவுபோயிருக்கிறது. அந்தக் களவைத் தடுக்க ஒவ்வொரு வாக்காளரும் தம் அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்பது நியாயமான விதி. அது நீடிக்க வேண்டும். அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: பட்டியலில் பெயருள்ள எவரும், கையில் அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டுப் போடாமல் வீடு திரும்பக் கூடாது.

விரலில் மை வைக்கிறார்கள், கட்சி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கு மேல் அட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மைசூரில் தயாராகும் அழியா மை 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரல்களில் ஏறிவருகிறது. ஒருவர் இரண்டாவது முறை வந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், முதல்முறை வருபவர் தம் பெயரில்தான் வந்திருக்கிறாரா, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரரின் பெயரில் வந்திருக்கிறாரா என்பது மைக்குத் தெரியாது. ஏஜென்ட்டுக்குத் தெரியும், ஆனால் அவர் ஒரு கட்சியின் ஆள். "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஆட்சேபிக்க அவர் இரண்டு ரூபாய் கட்டினால் போதும் என்கிறது விதி. எதிர்த்தரப்புக்கு ஏஜென்ட்டே கிடைக்காத ஊரிலும், இருக்கிற ஏஜென்ட்டுகள் அனைவரும் ஒரே ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஊரிலும், யார் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படம் ஒட்டிய அட்டை கைக்கு வந்தபோது, தாம் யார் என்று நிரூபிக்கச் சேரிக்காரருக்கு ஊர்ப் பெரியவரின் தயவு தேவைப்படாமல் போனது. அடையாள அட்டை ஏழைக்கு எதிரானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

களவு நடந்தபின் கிடைக்கும் பரிகாரமும் பெரிதல்ல. 2018இல் வெளியான 'சர்கார்' படத்தால் '49பி' என்ற விதி தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. தம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், அந்த விதியின்படி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். ஆனால் அந்தச் சீட்டு உறைக்குள் போகும். எண்ணிக்கை நாளில் அதை எண்ண மாட்டார்கள். வெற்றி வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, வழக்கு நீதிமன்றம் வரை போனால்தான் அந்த உறைக்கு வேலை. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் ஒரே ஒரு ஓட்டு சட்டமன்ற உறுப்பினரைத் தீர்மானித்தது. 2016இல் நம் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. கள்ள ஓட்டு அங்கொன்றும் இங்கொன்றும்தானே என்ற அலட்சியத்துக்கு இந்தத் தொகுதிகளே பதில்.

இந்த அட்டையை நாட்டுக்குத் தந்தவர் டி.என். சேஷன். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர் 1993இல் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்டார். அரசுகள் செலவைக் காரணம் காட்டி இழுத்தடிக்க, அட்டை தராவிட்டால் 1995 ஜனவரி 1க்குப் பிறகு தேர்தலே கிடையாது என்றார். அவருடைய பிடிவாதம் இல்லாதிருந்தால் அட்டை இத்தனை பேரிடம் வந்து சேர்ந்திருக்காது. ஆனாலும், அரசு அட்டை கொடுக்கவில்லை என்பதற்காக மக்களின் வாக்குரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அன்று குறுக்கிட்டது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 61ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: அத்தொகுதி வாக்காளர்களுக்கு அட்டை வழங்கப்பட்டிருந்தால் அதைக் காட்டச் சொல்லலாம். முதலில் கொடு, பிறகு கேள் என்பதே சட்டம் வகுத்த வரிசை. கொடுப்பது அரசின் கடமை; அந்தக் கடமை நிறைவேறிய பிறகே காட்டும் கடமை குடிமக்களுக்கு வருகிறது.

இன்றைய நடைமுறை பெருமளவு இந்த வரிசையை மதிக்கிறது. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் 2024 மக்களவைத் தேர்தலில் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை உள்ளிட்ட 12 ஆவணங்களில் ஏதேனும் ஒன்றைக் காட்டலாம் என்று ஆணையம் அறிவித்தது. அட்டையில் எழுத்துப் பிழையோ சிறு முரண்பாடோ இருந்தாலும் ஆள் இவர்தான் என்று தெரிந்தால் அனுமதிக்க வேண்டும் என்பதும் ஆணையத்தின் உத்தரவே. 2019 முதல் பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது என்றானதும் சரியான முடிவு. யார் கைக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய சீட்டு அது.

எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்பதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2011இல் இயற்றிய சட்டம் கைத்துப்பாக்கி உரிமத்தை ஏற்றது. கல்லூரி மாணவர் அட்டையை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாகப் புகைப்பட அடையாளம் கட்டாயமானது. முதியோரின் பேருந்துப் பயண அட்டை செல்லும், இளைஞரின் ரயில் சலுகை அட்டை செல்லாது என்று அங்கே விதித்தார்கள். அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 14,000 பேர் அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாமல் போனார்கள் என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே எண்ணிச் சொன்னது. திருப்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணி, அந்தக் கணக்கை ஊரறிய வெளியிட்டதற்காக அந்த ஆணையத்தைப் பாராட்ட வேண்டும். நம் வாக்குச்சாவடிகளிலிருந்து எத்தனை பேர் அப்படித் திரும்புகிறார்கள் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்படுவதில்லை.

திரும்புகிறவர்கள் யார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. நடைபாதையில் உறங்குபவர்கள், சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள், பெட்டியோடு எல்லாவற்றையும் வெள்ளத்தில் இழந்தவர்கள். 2015இல் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலும் தண்ணீரோடு போன ஆவணங்களைத் திரும்பத் தரத் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. முகவரிச் சான்று இல்லாத வீடற்றவர்களைப் பட்டியலில் சேர்க்க ஆணையம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய், அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்வார். பெயரைச் சேர்ப்பதில் காட்டும் இந்தப் பரிவு வாக்குப்பதிவு நாளிலும் வேண்டும்.

அதற்குக் கனடாவில் வழி இருக்கிறது. அடையாள ஆவணம் இல்லாதவருக்காக, அதே வாக்குச்சாவடியின் இன்னொரு வாக்காளர் எழுத்துமூலம் உறுதி கொடுக்கலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே கொடுக்க முடியும். இங்கே அதைக் கொண்டுவந்தால் ஊர்ப் பெரியவரின் கை மீண்டும் ஓங்கிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. எனவே கட்சி ஏஜென்ட்டுகளுக்கு இதில் இடம் கூடாது. அந்தச் சாவடியின் எந்த ஒரு வாக்காளரும், அல்லது அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரும் கையெழுத்திடலாம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று வைக்கலாம். இதனால் ஓரிரு கள்ள ஓட்டு நுழைந்துவிடும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கையெழுத்திட்டவர் யார் என்பது பதிவில் இருக்கும். அவரைத் தேடிப் பிடிக்கலாம். திருப்பி அனுப்பப்பட்டவரின் ஓட்டை எவராலும் தேடி மீட்க முடியாது.

வாக்குச்சாவடியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: பட்டியலில் உள்ள ஆள் நீங்கள்தானா? நீங்கள் இந்நாட்டுக் குடிமகனா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இந்த இரண்டையும் குழப்பியதன் விளைவை 2025இல் பிகாரில் பார்த்தோம். ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஆணையம் கேட்ட 11 ஆவணங்களில் ஆதாரும் இல்லை, ஆணையம் தானே அச்சிட்டுக் கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை. ஆகஸ்ட் 1இல் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றைக் காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 8இல் ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கச் சொன்னது. அதன்பின் இதே திருத்தம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. டிசம்பர் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்கத்தான் வேண்டும். கள்ள ஓட்டின் விதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போட அழைத்த அட்டையே பட்டியலில் நீடிக்கப் போதாது என்றால், அந்த அட்டையை நம்பி வைத்திருப்பவருக்கு அரசு சொல்லும் பதில் என்ன? பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டால் எந்த அட்டையும் காப்பாற்றாது.

ஆதாரை வாக்காளர் பட்டியலோடு இணைத்து, சாவடியில் கைரேகை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல் தவிக்கும் முதியவர்களையும், உழைத்துத் தேய்ந்த கைகளையும் பார்த்த எவரும் இதை ஆதரிக்க முடியாது. அரிசியை நாளை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுக்கு நாளை கிடையாது.

தேர்தல் ஆணையத்துக்கு நம் கோரிக்கைகள் இவை. அடையாளம் கேட்கும் விதி தொடரட்டும். ஏற்கும் ஆவணங்களின் பட்டியல் சுருங்கக் கூடாது. பெயர் சேர்ந்த 15 நாளில் அட்டை வீடு வந்து சேரும் என்று 2025இல் கொடுத்த வாக்கை ஆணையம் காப்பாற்ற வேண்டும். எந்த ஆவணமும் இல்லாதவருக்கு உறுதிமொழி வழி திறக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சாவடியிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையும் காரணமும் தேர்தல் முடிந்ததும் வெளியிடப்பட வேண்டும்.

வாக்காளர்களும் தேர்தல் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். தெருவில் முதியவர், வேலைக்காக வந்து தங்கியிருப்பவர், வீடற்றவர் எவரேனும் இருந்தால் அவருடைய பெயரையும் பாருங்கள். வாக்குப்பதிவு நாளில் அட்டையோடு போங்கள். அதிகாரி கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் அடுத்தவரை அவர்கள் திருப்பி அனுப்பினால், அவருக்காகக் குரல் கொடுங்கள்.