புதையல் தேடும் முன் புதைந்ததைத் தேடுவோம்

வாணியம்பாடியில் ஒரு மாணவர் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஜியோகேச்சிங் விளையாட நம்ம பக்கம் பழைய கல்குவாரி எதுனா இருக்கா? ஆளே இல்லாத இடமா வேணும்."

தெரியாதவர்களுக்காக: ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அதன் ஜிபிஎஸ் இடக்குறியை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஒரிகானில் தொடங்கிய விளையாட்டு. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஆளே இல்லாத இடம்" என்ற சொல்லோடுதான் சண்டை.

கைவிடப்பட்ட குவாரியில் ஆள் இல்லைதான். ஆனால் அந்தக் குழி தானாக உண்டானதா? அங்கேயும் ஒரு நோட்டு இருந்தது, தோழர்களே. முன்பண நோட்டு. கல் உடைத்தவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது, முதலாளியின் கடன் கணக்கில் மட்டும் இருக்கும். அப்பன் வாங்கிய அட்வான்ஸுக்கு மகன் சுத்தியல் தூக்கினான். தலித்துகளும் போயர்களும் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கல்லோடு கட்டிப்போடப்பட்டார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். ஏழு ஆண்டு கழித்தும் ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகள் இருந்தார்கள். பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றது உச்ச நீதிமன்றம். கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே அது முன்பணத்துக்காக வாங்கப்பட்ட உழைப்பு என்றே கருத வேண்டும், இல்லையென்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

நம் மாநிலத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. நேற்றுவரை அதே பாறையில் அடிமைகளாக இருந்த பெண்கள், பலர் தலித்துகள், குத்தகைதாரர்கள் ஆனார்கள். இந்தக் கதை உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதா?

விளையாட்டின் விதிப்படி, டப்பா வைக்க நில உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தப் பாறையில் விரலை இழந்தவரிடமும், குவாரிக் குட்டைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்து வாழும் சேரியிடமும் கேட்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். கையில் செல்போனோடு கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடுகிற பையன் நகரத்துக்காரன் என்றால் சுற்றுலாப் பயணி. அதே வேலையை நம் பையன் ஊர்ப்பக்கம் போய்ச் செய்தால்? "எந்தத் தெருடா நீ?" என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் இந்த விளையாட்டில் இதே சந்தேகப் பார்வையைச் சந்தித்ததாகச் சொல்கிறார்கள். தேடும் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன பதில்: போவோம், ஆனால் வேறு ஆட்டம் ஆடுவோம். ஒவ்வொரு கைவிடப்பட்ட குழியின் இடக்குறியையும் எடுப்போம். வேலி இருக்கிறதா, எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, பக்கத்துக் குடியிருப்பு எவ்வளவு தூரம் என்று எழுதுவோம். குட்டையில் யாரும் இறங்கக் கூடாது. புல எண், குத்தகை எடுத்தவர், குத்தகை முடிந்த தேதி ஆகியவற்றை 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி மாவட்டக் கனிமவளத் துறையிடம் கேட்போம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு அங்கே வேலை செய்த பெரியவர்களிடம் போய் உட்காருவோம். அவர்கள் சம்மதித்தால், பெயரும் ஊரும் வேலை செய்த ஆண்டும் பதிவு செய்வோம்.

முதலாளியின் நோட்டில் கடனாளியாக மட்டும் இருந்த பெயர்கள், நம் நோட்டில் உழைப்பாளிகளின் பெயர்களாக ஏறட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம். நானும் வருகிறேன். டப்பா வேண்டாம், நோட்டு மட்டும் எடுத்து வாருங்கள்.

ஜெய்பீம்!