குதிகால் நரம்பு வலித்தால் ரத்தத்தையும் பாருங்கள்

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்கும் மீன்பிடித் துறை வேலைக்கும் வந்திருக்கும் நம்மவர்கள் தங்கியுள்ள அறைகளில் எதில் நுழைந்தாலும் தைல வாடைதான். பாரம் தூக்கி, பாறையிலும் மணலிலும் ஏறி இறங்கும் கால்கள் வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். எனவே குதிகாலுக்கு மேலே நரம்பு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. தைலம் தேய்ப்பார், மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுவார், மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் சம்பளம் போனால் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அல்லவா துண்டு விழும்!

இந்த வழக்கம் எல்லோருக்கும் சரிப்படாது என்று எனக்குப் புரிய வைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். செய்தி சேகரிக்க விழிஞ்ஞம் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். வயது நாற்பத்தொன்று. ஒல்லியான தேகம், பீடி, குடி கிடையாது. இரண்டு குதிகால்களுக்கும் மேலே நரம்பு முறுக்கிய கயிறு போலத் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. "இது எங்க குடும்ப வாகு சார். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவர் போய் ரொம்ப நாளாச்சு. அப்ப அவருக்கு நாற்பத்து நாலு வயசு. நெஞ்சு வலிக்குன்னு வரப்பிலே உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கலை."

அவர் இரண்டு விஷயமாகச் சொன்னது உண்மையில் ஒன்றாகவே இருக்கக்கூடும். நாம் நரம்பு என்கிறோமே, அது நரம்பன்று. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்டரால் பிறவியிலேயே ரத்தத்தில் மிகுந்திருப்பவர்களுக்கு, அது இதயத்தின் ரத்தக் குழாய்களில் படிவது போலவே தசைநாணிலும் ஆண்டுக்கணக்கில் படிகிறது. தசைநாண் தடிக்கிறது, சிலருக்கு வலியும் வீக்கமும் வருகின்றன, சிலருக்கு வலியே இருப்பதில்லை. கைவிரல் மூட்டுகளின் மேலும் இத்தகைய கட்டிகள் தோன்றலாம்.

இப்படித் தசைநாண் தடிப்பதும், கொலஸ்டரால் மிகுதியும், இளவயது மாரடைப்பும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை நார்வே டாக்டர் கார்ல் முல்லர் 1938-லேயே எடுத்துச் சொன்னார். கெட்ட கொலஸ்டராலைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டிய வாசல்கள் இவர்களது கல்லீரலில் குறைவு என்று கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க டாக்டர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. 250 அல்லது 300 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு என்பது இன்றைய கணக்கு. சிகிச்சை இல்லாவிட்டால், இவர்களில் ஆண்கள் பாதிப்பேரை 50 வயதுக்குள் இதய நோய் பிடித்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர சரிபாதி வாய்ப்பு.

குதிகால் வலித்தவர்களுக்கெல்லாம் இதுதான் என்று பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. பெரும்பாலான வலி உழைப்பால் வருவதே. ஓய்வு கொடுத்தால் போகும். காலையில் எழுந்ததும் குதிகாலின் அடியில் குத்தும் வலி வேறு சங்கதி. ஆனால் இரண்டு கால்களிலும் தசைநாண் தடித்திருந்தால், வலி திரும்பத் திரும்ப வந்தால், வீட்டில் யாராவது இளவயதில் மாரடைப்பால் இறந்திருந்தால், தைலப் புட்டியை மூடிவிட்டு ரத்தம் சோதிக்க வேண்டும். எல்.டி.எல். 190-க்கு மேல் போனால் டாக்டர் தீர விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

கொலஸ்டரால் தொந்திக்காரர்களின் வியாதி என்று நம் போன்ற குமாஸ்தாக்கள் நினைத்திருக்கிறோம். இங்கே வந்த பிறகு பழியைத் தேங்காயெண்ணெய் மேல் போட்டுவிடுகிறோம். எண்ணெயைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் பிறவிக் கோளாறு அதற்கு மட்டும் மசியாது. அதற்கு ஸ்டாட்டின் மாத்திரை இருக்கிறது. கியோட்டோ நகரத்து அரிசியில் கண்ட பூஞ்சையிலிருந்து அந்த வகையின் முதல் மருந்தை 1973-ல் பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. சிலருக்கு அதனால் தசைவலி வரும். வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமே தவிர, தாமாக நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரி வரிசையில் நம்மவர் அரைகுறை மலையாளத்தில் "வேதன" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். டாக்டருக்கும் நேரமில்லை, வலி மாத்திரை எழுதுகிறார். அப்பா எந்த வயதில் எப்படி இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தொழிலாளருக்கு முகாம் நடத்தும் காண்டிராக்டர்களும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்ததோடு கடையைக் கட்டுகிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளருக்காக 2017-ல் 'ஆவாஸ்' காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. ஒரு கொலஸ்டரால் சோதனையை முகாமில் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமா? இதயத்துக்குப் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஆனால் நெஞ்சு வலி வந்த பிறகுதான் அந்த வாசலை மிதிப்பது என்றிருந்தால் எப்படி?

அண்ணாச்சிக்கு எல்.டி.எல். 262. மாத்திரை தொடங்கி மூன்று மாதமாகிறது. ஊரில் ஒரு தம்பி, பதின்மூன்று வயதில் மகன். பையன் காலைத் தொட்டுப் பார்த்தாயா என்று மனைவியிடம் போனில் கேட்டாராம். "ஒண்ணும் தெரியலை" என்றாராம் அவர். அந்த வயதில் கால் காட்டாது, ரத்தம்தான் காட்டும் என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இருவரையும் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.