எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியுள்ள காக்கா ஆழியை அகற்றவும், அகற்றியதை முறையாகப் பயன்படுத்தவும் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் தொழில் செய்யும் மீனவர் சங்கம்,
எண்ணூர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, சென்னை.
ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.
தலைமைப் பொறியாளர், நீர்வளத்துறை, சென்னை.
மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.

பொருள்: காக்கா ஆழி மட்டியை அகற்றுதல் – வேலையிழப்பு நிவாரணம் – அகற்றிய மட்டியின் பயன்பாடு – கப்பல் நீர்ச் சோதனை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடிக் கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் நாங்கள். பாடு முறைப்படி இடம் பிரித்து வலை கட்டுவோர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் இருளர் மக்களும் இருக்கிறார்கள். சாம்பல் கழிவு, அனல்மின் நிலையங்களின் சுடுநீர், தூர்ந்த முகத்துவாரம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் ஆகியவை பற்றி முன்பே மனுக்கள் கொடுத்திருக்கிறோம். இந்த மனு ஆற்றின் அடியை மூடிவரும் காக்கா ஆழியைப் பற்றியது.

அறிவியலாளர்கள் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்று அழைக்கும் இந்த மட்டி மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. இதைப் போலத் தாக்குப்பிடிக்கும் உயிரை எங்கள் நீரில் நாங்கள் இதற்கு முன் கண்டதில்லை. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரிலும் பிழைக்கிறது, கடலைவிடக் கரிக்கும் 40 கிராம் உப்பு நீரிலும் பிழைக்கிறது. தீனி குறைந்தால் பெண் மட்டிகளில் பல ஆணாக மாறிக்கொள்கின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போய், கல், மரக்கால், படகின் அடி, வலை, மற்ற மட்டிகளின் ஓடு எனக் கிடைத்த இடத்தில் நார் விட்டு ஒட்டுகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிப் பாய் விரித்தது போல் அடித்தரையை மூடிவிடுகின்றன. அவை வெளியேற்றும் கழிவு அங்கேயே படிந்து கருஞ்சேறாகிறது.

இறால் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் உயிர். புதைய மணல் இல்லாத இடத்தில் அது தங்காது. மஞ்சள் மட்டியும் அந்த மணலுக்குள்தான் வாழ்கிறது. பச்சை ஆழி ஒட்டியிருந்த கற்களிலும் இப்போது காக்கா ஆழிதான் ஒட்டியிருக்கிறது. மடவை, கிழங்கான், பச்சை நண்டு எல்லாம் இந்த அடித்தரையை நம்பி வருபவை. எனவே இந்த மட்டி பறித்துக்கொண்டது ஒரு வகை மீனை மட்டுமல்ல, மீன்கள் வந்து மேயும் தரையையே. கையால் இறால் தடவுகிறவர்களுக்கு வேறு துன்பமும் உண்டு. ஓட்டின் விளிம்பு கையையும் காலையும் கிழிக்கிறது. கழிவு கலந்த நீரில் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை.

இது எங்கள் ஊரின் தனித் துயரம் அல்ல. 2016 முதல் சிங்கப்பூரின் ஜோகூர் நீரிணையில் இது பரவியது. கேரளத்தின் கொச்சிக் காயலிலும் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. அஷ்டமுடியின் மட்டித் தொழில் 2014-இல் பன்னாட்டுத் தரச் சான்று பெற்றது. அப்படிப்பட்ட நீர்நிலையையும் இது விடவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் மின்நிலையம் நீர் உறிஞ்சும் குழாய்களில் 1986-இலேயே இதே மட்டி அடைத்துக்கொண்டது. நீரை எடுத்துக் குளிர்விக்கும் எண்ணூர் மின்நிலையங்களும் இதைத் தங்கள் சிக்கலாக எண்ண வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இந்த மட்டியால் பயன் உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. பிரேசிலின் மசேயோ நகரில் இதைச் சுருரு என்ற பெயரில் விரும்பி உண்கிறார்கள்; அதன் ஓட்டைக் கட்டடக் கற்களிலும் கலக்கிறார்கள். மட்டி ஓட்டில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்து. நீருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் மட்டி நாரைப் பார்த்து, ஈரமான காயத்தை ஒட்டும் பசைகளை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் உருவாக்க முயல்கின்றன. ஆனால் மசேயோவில் அது சொந்த மண்ணின் உயிர். இங்கே சாம்பலும் உலோகமும் கலந்த நீரை வடிகட்டித் தின்று வளர்ந்த அந்நியம். மேலும், ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால் அதை ஒழிக்க யாருக்கும் மனம் வராது. வருமானத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப் பாறைகளின் மேல் படர்ந்ததை அரசு அறியும். அந்தப் பாசியை வளர்த்துப் பிழைக்கும் மண்டபம் பகுதிப் பெண்களின் உழைப்பை மதிக்கிறோம். பயன் என்ற ஒரு சொல்லுக்காக எல்லையை மறந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்:

1. பாடு இடங்களிலும் இருளர் மக்கள் இறால் பிடிக்கும் துறைகளிலும் முதலில் அகற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த வேலை முடிய வேண்டும். பெரிய எந்திரங்களை இறக்கி மட்டியை நீருக்குள்ளேயே நசுக்கி விட்டுப் போகக் கூடாது. அலைக்கழிக்கப்பட்டால் மட்டிகள் முட்டையும் விந்தும் வெளியேற்றக்கூடும், பிய்ந்து மிதக்கும் கொத்துகள் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர் வற்றும் நேரத்தில் கையால் சுரண்டிக் கூடையில் அள்ளி, ஏற்ற நீர் எட்டாத மேட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எனவே வேலையை எங்களுக்கே, நாள் கூலி நிர்ணயித்து, கையுறையும் காலணியும் கொடுத்து, ஒப்படைக்க வேண்டும். அள்ளிய சேற்றை அலையாத்திச் செடிகளின் மேல் கொட்டக் கூடாது.

2. ஒருமுறை அகற்றினால் போதாது. எஞ்சியவற்றின் குஞ்சுகள் மீண்டும் ஒட்டும். எனவே தொடர்ந்து சில ஆண்டுகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

3. தொழில் செய்ய முடியாத காலத்துக்கு, கடல் மீனவருக்குத் தடைக்காலத்தில் நிவாரணம் தருவது போல, கழிமுகத்தில் தொழில் செய்வோருக்கும் தர வேண்டும். படகும் வலையும் இல்லாமல் கையால் பிடிப்பவர்கள் பல பட்டியல்களில் விடுபடுகிறார்கள். இந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் வர வேண்டும்.

4. அகற்றிய மட்டியில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவை எவ்வளவு என்று அரசு ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை கோழி, வாத்து, இறால் பண்ணைத் தீனியாகவோ உணவாகவோ விற்கத் தடை வேண்டும். பாதுகாப்பானது எனத் தெரிந்தால், ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்கோ கட்டடப் பொருளுக்கோ தரலாம். அந்த வருமானம் எங்கள் மகளிர் குழுக்களுக்குச் சேர வேண்டும். எக்காரணம் கொண்டும் இதை வளர்க்க உரிமம் தரக் கூடாது.

5. அமெரிக்காவில் 1986 முதல் மட்டிகளைச் சோதித்துக் கரையோர நீரின் நஞ்சைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதே முறையில் இங்கு அகற்றும் மட்டியின் ஒரு பகுதியை இடவாரியாகச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். ஆற்றில் என்ன கலக்கிறது, எங்கே கலக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. இந்த மட்டியின் பயன்களில் எங்களுக்கு மிகவும் வேண்டியது இதுதான்.

6. எந்தக் கப்பல் இதைக் கொண்டுவந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எந்தத் துறைமுகத்தையும் குற்றம் சாட்டவும் நாங்கள் வரவில்லை. ஆனால் கப்பல்கள் நிலைநிறுத்தலுக்காக ஏற்றி இறக்கும் நீரிலும், கப்பலின் அடியில் ஒட்டியும் இத்தகைய உயிர்கள் பயணம் செய்கின்றன என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த நீரைச் சுத்திகரிக்கக் கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ளது. காமராஜர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்களில் கப்பல் நீர்ச் சோதனைப் பதிவுகளை மீன்வளத்துறை பார்வையிட வழி செய்ய வேண்டும்.

7. பக்கிங்காம் கால்வாய் வழியே இது வடக்கே பழவேற்காடு ஏரியை நோக்கிப் போகிறது. நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான அதைக் காக்க, கால்வாயில் கண்காணிப்பு இடங்கள் அமைத்து, பழவேற்காட்டு மீனவர் ஊராட்சிகளுக்கு இந்த மட்டியை அடையாளம் காணப் பயிற்சி அளிக்க வேண்டும்.

தங்கள் துறைகளின் அலுவலர்கள் ஒன்றாக ஒரு நாள் நீர் வற்றும் நேரத்தில் நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறோம். படகும் வழிகாட்ட ஆட்களும் நாங்கள் தருகிறோம். நாளைக் குறித்து எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்