புறம்போக்கு என்று வையலாமா?

கோபம் வந்தால் 'புறம்போக்கு' என்று வைகிறோமே, சகோதரிகளே, அந்தச் சொல் என்ன பாவம் செய்தது? தனியார் பட்டாவுக்கு வெளியே, பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு அல்லவா அந்தப் பெயர்!

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலே சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவளும் நாலு ஆடு வளர்க்க முடிகிறதென்றால், மேய்ச்சல் புறம்போக்கு இருப்பதால்தான். களம், தோப்பு, சுடுகாடு எல்லாம் இந்த வகைதான். 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம் இவற்றை ஊராட்சியின் பொறுப்பிலே விட்டிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரி நம்மிடம் கொடுத்து வைத்த நகை மாதிரி. காக்கலாம், விற்கக் கூடாது.

ஆனால் வேலி மெல்ல நகரும். ஆட்டுக்காரி வாய் திறக்க மாட்டாள். வேலி போட்டவரிடம்தானே அவளுக்குக் கூலி வேலை!

"பணம் கட்டிவிடுகிறோம்" என்றால்? பஞ்சாபிலே ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கில் 2011-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. இத்தகைய நிலங்களை மீட்டு ஊரிடமே ஒப்படைக்க எல்லா ராஜ்யங்களும் திட்டம் வகுக்கச் சொன்னது.

எது மேய்ச்சல், எது களம் என்பதெல்லாம் கிராமத்து 'அ' பதிவேட்டிலே சர்வே நம்பர் வாரியாக இருக்கிறது. உங்கள் அண்ணனோ அத்தையோ ஊரிலே வாக்காளராக இருந்தால், ஆகஸ்டு 15 கிராம சபையிலே அதைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேலிக்காரரிடம் கூலி வேலை இல்லையே!