மரம் வைத்தவன் எங்கே?

நம் நாட்டில் பிள்ளை பிறந்தால் அது கடவுள் கொடுத்த வரம் என்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டால், "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று அதற்கும் கடவுளையே கை காட்டிவிடுகிறோம். புருஷனும் பெண்ஜாதியும் ஒத்து வாழுகிற வரையில் இந்தப் பழமொழியின் பித்தலாட்டம் வெளியில் தெரிவதில்லை. இருவரும் பிரிந்த மறுமாதமே அது சந்தி சிரிக்கத் தொடங்கி விடுகிறது. மரம் வைத்தவன் கடவுளல்ல, பிள்ளையின் தகப்பன்தான் என்பதும், மாதம் இவ்வளவு கொடு என்று கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகும் அவன் தண்ணீர் ஊற்றாமல் பாக்கி வைத்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது.

1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போல் சொத்துரிமையும், வேண்டாத விவாக பந்தத்திலிருந்து விலகிக் கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. "விவாகரத்து வந்துவிட்டால் பிள்ளைகள் கதி என்ன?" என்று கேட்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பிள்ளைகள்மீது மிகவும் இரக்கம் கொண்டவர்கள்போல் அவர்கள் பேசுகிறார்கள். அந்த இரக்கத்தின் யோக்கியதையைச் சிறிது பரிசோதித்துப் பார்ப்போம்.

1898-ம் வருஷத்திய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 488-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. வசதியிருந்தும் பெண்ஜாதியையும் பிள்ளையையும் பட்டினி போடுகிறவன் மாதாமாதம் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் நம் மாகாணத்து இந்துக்களுக்கு, அறுத்துக் கட்டுகிற வழக்கமுள்ள சில வகுப்புகளைத் தவிர, விவாகரத்து என்பதே கிடையாது. அது சென்னை மாகாணத்தில் சட்டமாக வந்தது 1949-ல். அக்கினி சாட்சி, அருந்ததி சாட்சி, ஏழேழு ஜென்ம பந்தம் எல்லாம் அப்படியே இருந்தபோதே, பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வைக்க ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு வாரண்டும் தேவைப்பட்டிருக்கின்றன! பிள்ளைகளைப் பட்டினி போடுவது விவாகரத்தா, அல்லது பொறுப்பற்ற ஆண்பிள்ளைத்தனமா என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

இந்தச் சட்டமும் தாராளமானதாக இருக்கவில்லை. 1898-ல் மாதம் 50 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தார்கள். 1923-ல் அது 100 ரூபாயாயிற்று; 1955-ல் 500 ரூபாயாயிற்று. 1973-ல் புதுச் சட்டம் செய்து 125-வது பிரிவாக்கியபோதும் அந்த 500 ரூபாய் அப்படியே நின்றது. சில மாகாணங்கள் தாமாக உயர்த்திக் கொண்டதைத் தவிர, 2001-ல்தான் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. அரிசி விலையும் பள்ளிக்கூடச் சம்பளமும் எத்தனையோ மடங்கு ஏறிய 46 வருஷ காலம் பிள்ளையின் வயிறு மாத்திரம் 500 ரூபாயிலேயே நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் சட்டசபைக்காரர்கள்.

இப்போது, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, வாயில் நுழையாத வடமொழிப் பெயருடன் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் அது 144-வது பிரிவு. பெயர் வடமொழியானாலும் சங்கதி நமக்கு வேண்டியதுதான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் இல்லை. தாலி கட்டிப் பிறந்த பிள்ளை, கட்டாமல் பிறந்த பிள்ளை என்ற பேதமும் இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமாகும் வரையில், நம்முடைய சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் திருமணமென்றே ஒப்புக் கொள்ளவில்லை; அவற்றில் பிறந்த குழந்தைகளை வைதீகர்கள் என்னென்னவோ பெயர் சொல்லி அழைத்தார்கள். அப்போதுங்கூட பிள்ளையின் வயிற்றுக்கு மந்திரமும் புரோகிதனும் தேவையில்லை என்பதை இந்த ஒரு பிரிவாவது ஒப்புக் கொண்டிருந்தது.

நிற்க, பணம் கட்டாதவர்கள் சொல்லும் சமாதானங்களைக் கவனிப்போம்.

"அவள் நடத்தை சரியில்லை" என்பது முதல் சமாதானம். பெண்ஜாதியின் ஜீவனாம்சத்தை மறுக்கச் சட்டத்தில் சில காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை அவளைப் பற்றியவை. பிள்ளைக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தாது. தாயிடம் குற்றம் இருந்தால் பிள்ளைக்குப் பசிக்காதா?

"பிள்ளையை என் கண்ணில் காட்டவில்லை" என்பது இரண்டாவது. பார்க்க உரிமையுள்ளவன் அதற்குத் தனியாக மனுப் போட்டு உத்தரவு வாங்கட்டும். பார்க்கவிடாமல் தடுக்கும் தாய் செய்வதும் சரியல்ல. ஆனால் ஒரு பிள்ளையைக் காணாததற்காக அதன் சோற்றை நிறுத்துவது என்பது பிள்ளையிடம் அன்புள்ளவன் செய்கிற காரியமா?

"எனக்கு வரும்படி இல்லை" என்பது மூன்றாவது. இதைச் சொல்லுவதற்கு முன்பே நிலம் தம்பி பேருக்கும், வீடு தாயார் பேருக்கும் மாறியிருக்கும்! இதற்காகவே 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இரு தரப்பாரும் தங்கள் வரும்படி, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்றும் சொல்லிற்று. உடம்பில் வலுவுள்ளவன் கூலி வேலை செய்தாவது பெண்ஜாதி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் சொல்லிற்று. உண்மையாகவே வேலை போய்விட்டவனுக்கும் வழியிருக்கிறது. நிலைமை மாறிவிட்டது, தொகையைக் குறையுங்கள் என்று அதே கோர்ட்டில் மனுப் போடலாம். அதைச் செய்யாமல் சும்மா நிறுத்தி விட்டால் பாக்கி வளர்ந்து கொண்டேதான் இருக்கும்.

"அவள்தான் சம்பாதிக்கிறாளே" என்பது நான்காவது. சம்பாதிக்கிற தாயும் தன் சக்திக்குத் தக்கபடி பங்கு ஏற்க வேண்டியதுதான். ஆனால் பங்கு என்றால் இருவரும் போடுவது. ஒருத்தி முழுவதும் சுமப்பதல்ல. பிள்ளையின் பேருக்கு முன்னால் நிற்கிற எழுத்து அப்பனுடையது, சாதி அப்பனுடையது, குலதெய்வம் அப்பனுடையது, சோறும் துணியும் மாத்திரம் அம்மாளுடையதா என்று கேட்கின்றோம்.

இனி, பாக்கியை வசூலிக்கும் வழியைத் தாய்மார்கள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். உத்தரவு ஆகிவிட்டால் பணம் தானே வந்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்து விடுகிறார்கள். அது வராது. கட்டவில்லை என்று கோர்ட்டில் மறுபடி மனுப் போட வேண்டும். அதிலும் ஒரு கெடு இருக்கிறது. ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். மாதம் 3,000 ரூபாய் உத்தரவாகி 20 மாதம் கட்டவில்லையென்றால் பாக்கி 60,000 ரூபாய். ஆனால் இருபதாவது மாதத்தில்தான் மனுப் போட்டால் வாரண்டு பிறப்பது கடைசி 12 மாதத்துக்குரிய 36,000 ரூபாய்க்குத்தான். முந்திய 24,000 ரூபாய் இந்த வழியில் போனது போனதுதான். "இன்றைக்குக் கொடுப்பார், நாளைக்குக் கொடுப்பார்" என்று பொறுமையாக இருப்பதைப் பதிவிரதா தர்மம் என்று புராணிகன் புகழலாம். கணக்குப்படி அது பிள்ளைக்கு 24,000 ரூபாய் நஷ்டம்.

மனுப் போட்டால், போதுமான காரணமில்லாமல் பாக்கி வைத்தவனிடமிருந்து அபராதத்தை வசூலிப்பதுபோல் வசூலிக்க மாஜிஸ்ட்ரேட் வாரண்டு கொடுக்கலாம். அவனுடைய சாமான்களை ஜப்தி செய்யலாம். நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்கும்படி கலெக்டருக்கே எழுதலாம். அதன் பிறகும் நின்றால், ஒரு மாதம் வரையிலோ அல்லது அதற்குள் பணம் கட்டும் வரையிலோ ஜெயிலில் வைக்கலாம். சிலர், "ஜெயிலுக்குப் போய் வந்துவிட்டேன், கடன் தீர்ந்தது" என்று மார்தட்டுகிறார்கள். தீரவில்லை. ஜெயில் என்பது கட்ட வைப்பதற்கு ஒரு வழியே தவிர, கட்டியதாக ஆகாது என்று 1988-லேயே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. களி தின்றது அவன். அதனால் பிள்ளையின் வயிறு எப்படி நிரம்பும்?

இன்னொரு அக்கிரமம் ஊர்ப் பஞ்சாயத்தில் நடக்கிறது. நாலு பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி எனக்கும் என் பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டாம்" என்று தாயிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி விடுகிறார்கள். அவள் தன் பங்கை வேண்டாமென்று எழுதியிருந்தாலும், பிள்ளையின் பங்கை எழுதிக் கொடுக்க அவள் யார்? அந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பயந்து கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இதிலுள்ள பெரிய வேடிக்கை என்னவென்றால், பிள்ளைக்குப் பாக்கி வைத்திருக்கிற இதே மனிதன் செத்துப்போன தகப்பனாருக்கு வருஷா வருஷம் திவசம் தவறுவதில்லை. ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் பிண்டமும் கொடுக்கிறான். பசி என்பதே இல்லாத செத்தவர்களுக்குக் கெடு தவறாமல் சோறு; மூன்று வேளையும் பசிக்கிற உயிருள்ள பிள்ளைக்குப் பாக்கி! 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்றுவதற்குப் புத்திரன் வேண்டும் என்று சாஸ்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்தப் புத்திரனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும் என்பதை எவன் காதிலும் எந்தப் புரோகிதனும் ஓதவில்லை. அதில் அவனுக்குத் தட்சணை இல்லையல்லவா!

ஆகவே தோழர்களே! விவாகரத்து உரிமை வேண்டும் என்று கேட்ட இயக்கத்தார்க்கு, பிரிந்தவர்களின் பிள்ளைகள் பட்டினியில்லாமல் வளருகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பும் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் கிராமத்தில் இப்படிப்பட்ட தாய் இருந்தால், "தலையெழுத்து" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வராதீர்கள். உத்தரவு என்றைக்கு ஆயிற்று, எத்தனை மாதம் பாக்கி, ஒரு வருஷம் தாண்டிவிட்டதா என்று கேளுங்கள். 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும்படி எவ்வளவு என்று பாராமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. அதற்கு ஜில்லாதோறும் ஆபீசு இருக்கிறது. அவளை அங்கே அழைத்துப் போங்கள்.

பாக்கி வைத்திருக்கிறவன் நம் தோழனாகவே இருந்தால், அவனிடம் தாட்சண்யம் காட்டாதீர்கள். கடவுள் காப்பாற்றுவார் என்று சொல்லிப் பிள்ளையைக் கைவிடுகிற பக்தனுக்காவது சாக்கு ஒன்று இருக்கிறது. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தண்ணீர் ஊற்ற மேலே ஒருவரும் இல்லை என்று தெரிந்தவன், தானே முதல் தேதியில் குடத்தைத் தூக்க வேண்டும்.